தலைக்கு மேலே ஓடும் ரயில்: உணவகத்தில் மாடல் ரயில் அமைக்க முதன்முறையாக இறங்குவோருக்கு

காலை 11 மணிக்குக் கிளம்பும் ரயில் இரவு 9 மணி வரை கூடத்தைச் சுற்றி வருகிறது என்று வையுங்கள். வேகம் வினாடிக்கு அரை மீட்டர்தான், ஆள் நிதானமாக நடப்பதைவிடக் குறைவு. ஆனால் பத்து மணி நேரத்தில் அது ஓடும் தூரம் 18 கி.மீ. ஆண்டுக்கு ஆறாயிரம் கி.மீ.க்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டில் ஓடட்டும் என்று செய்யப்பட்ட பொருளிடம் நாம் கேட்பது இவ்வளவு. உணவகத்து ரயிலுக்கு எடுக்கும் எல்லா முடிவும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்க வேண்டும். தண்டவாளம் போடுவது இரண்டு நாள் வேலை. பிறகு வருடக்கணக்கில் அதை ஓடவைப்பதுதான் உண்மையான வேலை. ஆரம்பத்திலேயே அதற்கு இடம் கொடுத்து அமைத்தவர்களின் கடையில் மட்டுமே மூன்றாவது மாதமும் ரயில் ஓடுகிறது.

எந்த வகை ரயில் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

உலகில் இப்படிப்பட்ட கடைகள் பல உண்டு. செக் நாட்டின் பிராக் நகரில் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் உள்ள வீடொப்னா உணவகத்தில், ஒவ்வொரு மேசைக்கும் தண்டவாளம் போகிறது. பானங்கள் ரயிலில் ஏறி வருகின்றன. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் உள்ள ஃபிரிட்ஸ் உணவகத்தில் மேசையிலிருந்தே தொலைபேசியில் ஆர்டர் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே ஓடும் ரயில் பர்கரைக் கொண்டுவந்து மேசைக்கு இறக்கும். டோக்கியோவின் கின்சாவில் உள்ள பனோரமா போன்ற பார்களில் ரயில் எதையும் சுமப்பதில்லை. கவுன்டரின் மேலேயே ஊரும் மலையும் பாலமுமாக ஒரு குட்டி உலகம்; அங்கே வாடிக்கையாளர் தன் சொந்த ரயிலைக் கொண்டுவந்தும் ஓடவிடலாம். நமக்குப் பக்கத்தில் ஹைதராபாத்தின் பிளாட்ஃபார்ம் 65 உணவகத்தில் பொம்மை ரயில் சாப்பாட்டை மேசைக்குக் கொண்டு வருகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் இவற்றில் எதையும் முதல் நாளிலேயே முயல வேண்டாம். சுவரோரம் உயரத்தில் பலகை அடித்து, ஒரே ஒரு சுற்று, ஒரே ஒரு ரயில். அது ஆறு மாதம் சிக்கலில்லாமல் ஓடட்டும். பிறகு சுமக்கும் ரயிலைப் பற்றி யோசிக்கலாம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த முதல் சுற்றைப் பற்றியது.

அளவு: 45 மி.மீ.

மாடல் ரயிலில் பல அளவுகள் உண்டு. ஜப்பானிய பார்களில் நிறைய காண்பது ‘என்’ (N) அளவு, தண்டவாள அகலம் 9 மி.மீ. உலகில் அதிகம் விற்பது எச்.ஓ., அகலம் 16.5 மி.மீ. இரண்டுமே கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டியவை. ஏழடி உயரத்தில் ஏற்றினால் கீழிருந்து பார்ப்பவருக்குக் கோடு மாதிரி ஏதோ நகர்வது மட்டுமே தெரியும். ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கே அவற்றை நிறுத்திவிடவும் போதும்.

கூரையோரத்துக்கு ஜி அளவுதான் சரி. தண்டவாள அகலம் 45 மி.மீ., உருவம் உண்மை ரயிலில் 22.5-இல் ஒரு பங்கு. அதாவது அந்த 45 மி.மீ., ஒரு மீட்டர் அகலத் தண்டவாளமான மீட்டர் கேஜின் குட்டி வடிவம். நீலகிரி மலை ரயில் ஓடுகிறதே, அதே அகலம். ஜெர்மனியின் எல்.ஜி.பி. என்ற மாடல் ரயில் பிராண்டு 1968-இல் இந்த அளவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தோட்டத்தில், மழையில் கிடந்து ஓட வேண்டும் என்றே வடிவமைத்தது. கடைக்கு அந்த முரட்டுத்தனம்தான் வேண்டும். பித்தளைத் தண்டவாளம் 8 மி.மீ. உயரத்துக்கு மேல் கனமாக இருக்கும். எஞ்சின் ஒன்று 2 முதல் 4 கிலோ எடை.

ஜி அளவு என்று சொல்லி பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளப் பெட்டியும் விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். கடைக்கு ஆகாது, ஒரு வாரத்தில் பல்சக்கரம் தேய்ந்துவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் வாங்கி வரும்போது இன்னொன்றைக் கவனியுங்கள்: அங்கே கூடவே வரும் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் சொருகினால் அப்போதே கருகும். ரயிலை மட்டும் வாங்கி, மின்சாரப் பகுதியை இங்கேயே அமைத்துக்கொள்வது நல்லது. லயனல் என்ற பெயரில் வரும் மூன்று தண்டவாள ரயில்கள் மாறுமின்சாரத்தில் ஓடுபவை. இங்கே சொல்லும் நேர்மின்சார முறையோடு அவற்றைக் கலக்கக்கூடாது.

கூடத்தை அளப்பது

20 அடிக்கு 30 அடி கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 6.1 மீட்டருக்கு 9.1 மீட்டர். தண்டவாளத்தின் நடுக்கோடு சுவரிலிருந்து 12 செ.மீ. தள்ளி வர வேண்டும். அதற்குக் குறைந்தால் வளைவில் பெட்டியின் மூலை சுவரில் உரசும்.

வளைவுத் துண்டுகளில் ஆர்1 என்பது 60 செ.மீ. ஆரம், ஒரு முழு வட்டத்துக்கு 12 துண்டு. ஆர்3 என்பது 119.5 செ.மீ. ஆரம், 16 துண்டு. பெட்டியோடு வருவது ஆர்1. விலை குறைவு, இடமும் குறைவு. அதனால் எல்லோரும் அதையே போடுகிறார்கள். நாங்கள் ஆர்3-ஐத்தான் சொல்வோம். இறுக்கமான வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தைச் சுரண்டிக்கொண்டே போகும். ஒரு நாளைக்கு 18 கி.மீ. சுரண்டினால் பித்தளைத் தூள் கொட்டும், சக்கரம் கத்திமுனை போல் ஆகும், கீச்சென்ற சத்தம் சாப்பிடுகிறவர் பல்லைக் கூசவைக்கும்.

ஆர்3 போட்டால் நம் கூடத்துக்கு ஆகும் கணக்கு: வளைவு 16 துண்டு. நீளச் சுவருக்கு நேர்த்தண்டவாளம் 6.47 மீட்டர், குறுக்குச் சுவருக்கு 3.47 மீட்டர். 1.2 மீட்டர் நேர்த்துண்டு 17 வாங்கினால் போதும். மிச்சத்தை இரும்பறுக்கும் ரம்பத்தால் வெட்டிச் சேர்க்கலாம். மொத்தச் சுற்று 27.4 மீட்டர். அரை மீட்டர் வேகத்தில் ஒரு சுற்றுக்கு 55 வினாடி. இது நல்ல கணக்கு. பையனோ பொண்ணோ "மறுபடி வருமா" என்று கேட்டு முடிப்பதற்குள் ரயில் வந்துவிடும்.

ஆர்3-க்கு விலை, மூலை இடம். வளைவின் நடுப்புள்ளி கூடத்தின் மூலையிலிருந்து ஏறத்தாழ 66 செ.மீ. உள்ளே வரும். அந்த மூலையில் ஸ்பீக்கரோ, ஏ.சி. பெட்டியோ, டி.வி.யோ இருந்தால் முதலில் அதை நகர்த்த வேண்டும். இடமே இல்லாவிட்டால் 76.5 செ.மீ. ஆரமுள்ள ஆர்2 வரை இறங்கலாம். ஆர்1-க்கு இறங்குவதானால் இரண்டு அச்சுள்ள குட்டை எஞ்சின், குட்டைப் பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உயரத்தை முடிவு செய்வது கதவு நிலை. சுற்று முழுதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால், கூடத்தில் எந்தக் கதவு நிலை மிக உயரமோ அதற்கு மேலே பலகை போக வேண்டும். பொதுவாக 2.2 மீட்டர் வரும். பலகைக்கு மேலே கூரை வரை குறைந்தது 35 செ.மீ. விடுங்கள்: ரயிலுக்கு 18, துடைக்கும் கைக்கு மிச்சம். சீலிங் ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து பலகையின் விளிம்பு ஓரடியாவது தள்ளி இருக்கட்டும். ஏணியில் ஏறித் துடைக்கிறவரின் முழங்கையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். தீ எச்சரிக்கைக் கருவி, தண்ணீர் தெளிப்பான், அவசரவழிப் பலகை எதையும் மறைக்கக்கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. இதைப் பலர் போடுவதில்லை. உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர். பலகை 2.2 மீட்டர். தண்டவாளம் பலகை விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே. பலகை விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு ரயிலின் அடிப்பகுதியில் 3 செ.மீ. மறையும், பரவாயில்லை. ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு 10 செ.மீ. மறையும், புகைபோக்கி மட்டும் மிதந்துபோகும். பலகைக்கு நேர்கீழே இருக்கும் மேசைக்காரருக்கு எதிர்ச் சுவரில் ஓடுவதுதான் காட்சி. ஆகவே கூடத்தின் நாலு சுவரிலும் ரயில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உயரமான அலமாரி, தொங்கும் விளக்கு, விளம்பரப் பலகை போன்றவை நடுவே நின்றால் பாதி மேசைக்கு ரயில் இல்லாத மாதிரிதான்.

பலகை அடிப்பது

18 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட், 22 செ.மீ. அகலம். 60 செ.மீ.க்கு ஒரு இரும்பு பிராக்கெட். செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் 8 மி.மீ. ஆங்கர் போல்ட். ஜிப்சம் தடுப்பிலோ பொய்க்கூரையிலோ தொங்கவிடாதீர்கள். ரயிலின் எடை ஆறேழு கிலோதான். ஆனால் பலகை, தண்டவாளம், துடைக்கும்போது ஆள் ஊன்றும் கை எல்லாம் சேர்ந்துதான் பாரம். வாடகைக் கட்டடத்தில் பீம், தூண் துளைப்பதற்கு முன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஆசாரி பலகை அடித்ததும் ரசமட்டத்தை வைத்து ஒவ்வொரு பிராக்கெட்டிலும் பாருங்கள். நீளவாக்கில் மீட்டருக்கு 5 மி.மீ. ஏற்ற இறக்கம் இருந்தால் ரயில் தாங்கும். ஆனால் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் தயங்கியும் ஓடும், அது கண்ணை உறுத்தும். குறுக்குவாக்கில் கூடத்தின் பக்கம் சாய்வே கூடாது. சந்தேகமிருந்தால் ஒரு நூலளவு சுவர்ப்பக்கம் சாயட்டும்.

விளிம்புக் காப்பு கட்டாயம். 3 மி.மீ. தெளிந்த அக்ரிலிக் பட்டையைப் பலகைக்கு மேலே 6 செ.மீ. எழும்பும்படி, சுற்று முழுக்க, ஒரு அங்குலம்கூட விடாமல் திருகுங்கள். மூன்று கிலோ எஞ்சின் ஏழடி உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மரப்பட்டை அடித்தால் சக்கரம் மறைந்துவிடும். சக்கரம் சுழல்வதுதான் பாதி அழகு. வளைவுகளின் வெளிவிளிம்பிலும் மறக்காமல் போடுங்கள்.

பலகை மேல் நேரடியாகத் தண்டவாளத்தைத் திருகினால் பிளைவுட் மேளம் போல் அதிரும். கூடத்தில் பேசுவது கேட்காது. 5 மி.மீ. கார்க் ஷீட் அல்லது ஈ.வி.ஏ. ஃபோம் பட்டை ஒட்டி, அதன் மேல் தண்டவாளம். மீட்டருக்கு இரண்டு திருகு போதும். முழுக்க இறுக்காமல் கால் சுற்று தளர்த்தி விடுங்கள். திருகு இறுகினால் ஃபோம் அமுங்கி, அதிர்வு நேராகப் பலகைக்குப் போய்விடும்.

அறைக்கு அறை போக சுவரில் ஓட்டை போடுவதானால் 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். ஓட்டை நேர்ப்பகுதியில் வர வேண்டும். வளைவிலோ வளைவை ஒட்டியோ வந்தால் நீளப் பெட்டியின் நடுப்பகுதி சுவரில் இடிக்கும். ஓட்டைக்குள் தண்டவாள இணைப்பு எதுவும் வரக்கூடாது. கை போகாத இடத்தில்தான் இணைப்பு கழலும்.

தண்டவாளத்தைச் சேர்ப்பது

துண்டுகளைச் சேர்க்கக் கூடவே வரும் தகட்டு இணைப்பு, வீட்டுக்குப் போதும். கடைக்குத் திருகுள்ள ரயில் கிளாம்ப் வாங்குங்கள். சமையல் புகையும் ஈரமும் சேர்ந்து தகட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே பச்சை படியும். ஆறாவது மாதம் அந்த இடத்தில் மின்சாரம் போகாது. 34 இணைப்பில் எது செத்தது என்று ஏணி போட்டுத் தேடுவது வீண் வேலை. கிளாம்ப் போடும் முன் இரண்டு முனையையும் நன்றாகத் தேய்த்து, மின்கடத்தும் கிரீஸ் ஒரு பொட்டு தடவுங்கள்.

வெட்டிய முனையை அரத்தால் மழுக்குங்கள். பிறகு விரலை மெல்ல இணைப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள், உள்விளிம்பிலும் ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டுகிறதா? நகத்துக்குத் தட்டினால் சக்கரத்துக்கும் தட்டும். அங்கேதான் ரயில் தடம் புரளும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பகலில் ஏ.சி., இரவில் மூடிய கடைச் சூடு. பித்தளை பத்து மீட்டருக்கு 20 டிகிரி மாற்றத்தில் ஏறத்தாழ 4 மி.மீ. நீளும். எல்லா இணைப்பையும் இடைவெளியின்றி இறுக்கினால் நேர்ப்பகுதி பாம்பு போல் நெளியும். ஒவ்வொரு சுவருக்கும் ஓர் இணைப்பில் 2 மி.மீ. இடைவெளி விட்டு, அங்கே மட்டும் வழுக்கும் தகட்டைப் போட்டு, இரு பக்கத்தையும் ஒயரால் இணைத்துவிடுங்கள்.

மின்சாரம்

வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றித் தரும் 24 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. அதிலிருந்து, மின்சாரத்தைத் துடிப்புகளாக விட்டு வேகத்தை மாற்றும் பி.டபிள்யூ.எம். கட்டுப்பாட்டுக் கருவி, 10 ஆம்பியர் தாங்குவது, துடிப்பு வேகம் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது. துடிப்பு குறைந்ததை வாங்கினால் மோட்டார் முனகும், சூடேறும். கருவிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே 3 ஆம்பியர் ஃபியூஸ். எஞ்சினும் நாலு பெட்டியும் இழுப்பது பொதுவாக ஒன்று, ஒன்றரை ஆம்பியர்தான். தடம் புரண்ட சக்கரமோ, மேலே விழுந்த திருகோ இரண்டு தண்டவாளத்தையும் தொட்டால் ஃபியூஸ் முதலில் போக வேண்டும், கருவி போகக்கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஐ கல்லாவுக்கு அடியில், காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். பலகை மேல் 230 வோல்ட் ஒயர் எதுவும் போகக்கூடாது. அந்தப் பகுதியை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தண்டவாளத்தின் ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்துவிட்டு 27 மீட்டரும் ஓடும் என்று நினைப்பது எல்லாரும் செய்யும் முதல் தவறு. எதிர்ச் சுவருக்குப் போனதும் ரயில் மூச்சு வாங்கும். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், சுற்று முழுக்க இழுங்கள். நாலு மீட்டருக்கு ஒருமுறை அதிலிருந்து கிளை எடுத்துத் தண்டவாளத்தில் கிளாம்ப் பண்ணுங்கள். நம் கூடத்துக்கு ஏழு இடம். சிவப்பு எல்லா இடத்திலும் சுவர்ப்பக்கத் தண்டவாளத்துக்கே போக வேண்டும். ஒரே ஒரு கிளை மாறினாலும் முழுச் சுற்றும் ஷார்ட்.

சரிபார்க்க: ரயிலைத் தூர மூலையில் ஓடவிட்டு, அங்கே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கருவியின் வாயில் காட்டும் வோல்ட்டுக்கும் அங்கே காட்டுவதற்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ கிளை சரியில்லை.

நாள் முழுக்க ஓட வேண்டுமா?

வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இடைவிடாமல் ஓடும் ரயிலை இருபது நிமிடத்தில் யாரும் பார்ப்பதில்லை, ஃபேன் மாதிரி ஆகிவிடும். நின்றுகொண்டிருக்கும் ரயில் திடீரென்று கிளம்பினால்தான் கூடமே திரும்பிப் பார்க்கும்.

சுவரில் குழந்தைக் கை எட்டும் உயரத்தில், தரையிலிருந்து 80 செ.மீ.யில், ஒரு பெரிய பச்சைப் பொத்தான். அமுக்கினால் ரயில் ஒரு சுற்று வந்து நிலையத்தில் நிற்கும். டைமர் மட்டும் போட்டால் நேரம் முடிந்த இடத்தில், வாசற்படிக்கு மேலேயோ ஓட்டைக்குள்ளேயோ நின்றுவிடும். அதனால் தண்டவாளத்தின் நடுவே, காந்தம் அருகே வந்தால் வேலை செய்யும் ஒரு ரீட் சுவிட்ச், எஞ்சினுக்கு அடியில் ஒரு காந்தம். பொத்தான், ரயிலுக்கு மின்சாரத்தை விடும் மின்சுவிட்சான ரிலேயைப் பிடித்து வைக்கும். காந்தம் ரீட் சுவிட்சைக் கடக்கும்போது ரிலே விடும். எஞ்சின் ரீட் சுவிட்சைத் தாண்டிச் சற்று ஓடி நிற்கும் என்பதால், அடுத்த முறை கிளம்பும்போது அதே காந்தம் உடனே நிறுத்திவிடாது.

ரீட் சுவிட்ச் வழியாக மோட்டாரின் மின்சாரத்தை நேராக விடாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொள்ளும். ரயில் நிற்கவே நிற்காது. அது ரிலேயின் சுருளுக்கு மட்டும்தான்.

சத்தம் போடும் எஞ்சினானால் ஒலியை அணைத்து வையுங்கள். வாடிக்கையாளருக்கு அது ஒரு மணி நேரம். சப்ளையர்களுக்கு நாள் முழுக்க அதே விசில். புகை விடும் வசதியையும் அணைத்துவிடுங்கள்: அது எண்ணெயைச் சூடாக்கி விடும் புகை, நேராகத் தண்டவாளத்தில்தான் படியும்.

பிசுக்கு

உணவகத்து ரயிலின் உண்மையான எதிரி இதுதான். தாளிக்கிற எண்ணெய், பொரிக்கிற எண்ணெய், தோசைக்கல்லின் ஆவி: கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கூடம் முழுக்க மிதந்து, குளிர்ந்த இடத்தில் இறங்கும். பித்தளைத் தண்டவாளம் குளிர்ந்த இடம். அதன் மேல் தூசி உட்காரும். அதன் மேல் சக்கரம் ஓடும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே குட்டிக் குட்டிப் பொறிகள் தெறித்து, அந்தப் பசையைக் கறுப்பு மெழுகாக வேகவைத்துவிடும். வெள்ளைத் துணியைத் தண்டவாளத்தின் மேல் ஓரடி இழுத்துப் பாருங்கள். மை தடவிய மாதிரி ஒரு கோடு. ரயில் விட்டுவிட்டு ஓடினால், விளக்கு மினுமினுத்தால், நூற்றுக்குத் தொண்ணூறு இந்தக் கோடுதான் காரணம். எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் துணியை எடுங்கள்.

சுற்றுப்பாதையைச் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். சமையலறை வாசலுக்கு மேலே போவதைத் தவிர்க்க முடியாவிட்டால், அந்த இரண்டு மீட்டரைத் தினமும் துடைக்க வேண்டியிருக்கும்.

துடைக்கும் முறை இப்படி. ஒட்டடைக் குச்சி நீளத்துக்கு ஒரு கம்பு, நுனியில் குறுக்காக 15 செ.மீ. மரக்கட்டை, அதைச் சுற்றி மைக்ரோஃபைபர் துணி. தினமும் கடை திறப்பதற்கு முன் உலர்ந்த துணியால் ஒரு சுற்று. வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு சுற்று. பிறகு ஆவி போகப் பத்து நிமிடம் கழித்துத்தான் மின்சாரம். அது தீப்பற்றும் பொருள். தண்டவாளத்தில் பொறி உண்டு. அந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போது துடைக்கவே கூடாது. விழும் தூசி இலையில்தான் விழும்.

தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரத்தை விட்டால் ஒரே சுற்றில் பழையபடி ஆகிவிடும். ரயிலை இறக்கி, மேசையில் துண்டு விரித்துக் கவிழ்த்து, ஆல்கஹால் தொட்ட காதுக்குச்சியால் ஒவ்வொரு சக்கரமாகத் துடைக்க வேண்டும். பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் முதல் வாரத்திலேயே உலோகச் சக்கரமாக மாற்றுங்கள். பிளாஸ்டிக் சக்கரம் பிசுக்கை வழித்துக்கொண்டு ஊரெல்லாம் பூசும்.

கறை கெட்டியாகிவிட்டால் பச்சை நிறப் பாத்திரம் தேய்க்கும் நார் போதும். இரும்பு நார் மட்டும் வேண்டாம். அதன் இழைகள் உதிர்ந்து கிடக்கும், மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் அவற்றை இழுத்துக்கொள்ளும், உள்ளே ஷார்ட் ஆகி மோட்டார் கருகும்.

எஞ்சினின் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் பட்டாணியளவு, அச்சு முனைகளுக்கு ஊசி முனையளவு எண்ணெய். அதிகம் போட்டால் சொட்டும். சொட்டினால் அதுவும் பிசுக்குதான். கீழே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

தடம் புரண்டால்

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புரண்டால் தவறு தண்டவாளத்தில். வெவ்வேறு இடங்களில் ஒரே பெட்டி புரண்டால் தவறு அந்தப் பெட்டியில். முதல் கேள்வியாக இதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

தண்டவாளத்தில் என்றால் பெரும்பாலும் இணைப்பு மேடு, அல்லது திருகு எழும்பியிருப்பது. பெட்டியில் என்றால் சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். உள்பக்கத்துக்கு உள்பக்கம் சுமார் 40 மி.மீ. இருக்க வேண்டும். அச்சில் சக்கரம் நகர்ந்து 38 ஆகியிருந்தால் வளைவில் ஏறிவிடும். கப்ளிங் கொக்கி தொங்கி ஸ்லீப்பர் கட்டையில் இடிப்பதும் உண்டு.

எஞ்சினுக்கு அடுத்து எடை குறைந்த பெட்டி, பின்னால் கனமான பெட்டிகள் என்று கோத்தால், வளைவில் அந்த லேசான பெட்டி உள்பக்கமாகக் கவிழும். இருமுனையிலும் இழுத்த நூல் நேராக நிற்கப் பார்க்கும் அல்லவா, அதே காரணம். கனமானதை முன்னால் வையுங்கள். நாலு பெட்டிக்கு மேல் வேண்டாம்.

பானம் சுமக்கும் ரயில்

முதல் சுற்று பழகிய பிறகு இதற்கு வரலாம். அடிப்படையே மாறுகிறது: தண்டவாளம் மேசை உயரத்துக்கு, சுமார் 75 செ.மீ.க்கு, இறங்கி வரும். அதனால் வாடிக்கையாளரின் கையும் தண்டவாளத்துக்கு வரும்.

யாராவது ஒரு குழந்தை தண்டவாளத்தின் மேல் ஸ்பூனை வைக்கும். வைக்கும் என்றே வைத்துக்கொண்டு அமையுங்கள். 24 வோல்ட் கையைச் சுடாது; ஆனால் 5 ஆம்பியர் பாயும் ஸ்பூன் சுடும். இங்கே ஃபியூஸ் போதாது, ஒவ்வொரு முறையும் யார் மாற்றுவது? ஷார்ட் ஆனதும் தானே துண்டித்து, எடுத்ததும் தானே திரும்பும் மின்னணு டிரிப் வேண்டும். மேசை வரிசைக்கு ஒன்று என்று தனித்தனிப் பகுதியாகப் பிரித்தால் ஒரு ஸ்பூன் முழுக் கடையையும் நிறுத்தாது.

கண்ணாடி டம்ளரும் 300 மி.லி. பானமும் சேர்ந்தால் 600 கிராம் வரும். அகலத் தளமுள்ள தட்டையான பெட்டியில், டம்ளரின் அடி இரண்டு அங்குலமாவது உள்ளே இறங்கும்படி துளையிட்ட தட்டு. பெட்டிக்கு இரண்டு டம்ளர். முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். சிந்துவது வளைவில் அல்ல, கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான். ஆகவே வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். பூஜ்ஜியத்திலிருந்து முழு வேகத்துக்குக் குறைந்தது மூன்று வினாடி. ஏற்றம் மீட்டருக்கு 2 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

குளிர்பானம், தண்ணீர் பாட்டில், பொட்டலம் கட்டிய பண்டம் ஆகியவை சரி. கொதிக்கும் காபி, சாம்பார், ரசம் ஆகியவற்றை ரயிலில் ஏற்றாதீர்கள். அவை சப்ளையரின் கையில் வரட்டும்.

நடைபாதையைத் தண்டவாளம் கடக்கும் இடத்தில் தூக்குப்பாலம் வேண்டும். பாலம் முழுக்க இறங்கி உட்கார்ந்தால் மட்டுமே அதற்கு முந்தைய ஒன்றரை மீட்டர் தண்டவாளத்துக்கு மின்சாரம் வரும்படி ஒரு சுவிட்ச். இல்லாவிட்டால் ஒருநாள் எஞ்சின் தரையில் கிடக்கும்.

கல்லாவுக்கு அடியில் ஒரு பெட்டி

முதல் நாளிலிருந்தே இவை கையில் இருக்கட்டும்: 3 ஆம்பியர் ஃபியூஸ் பத்து, ரயில் கிளாம்ப் நாலு, எஞ்சினுக்குரிய கார்பன் பிரஷ் ஒரு ஜோடி, இழுவைச் சக்கரத்தின் ரப்பர் வளையம் இரண்டு, தண்டவாளத்தை உரசி மின்சாரம் எடுக்கும் சறுக்குக் கட்டை ஒரு ஜோடி, ஒரு ரிலே, மல்டிமீட்டர், ஆல்கஹால் புட்டி, காதுக்குச்சி. கார்பன் பிரஷ், ரப்பர் வளையம், சறுக்குக் கட்டை மூன்றும் நம் ஊர்க் கடையில் கிடைக்காது. எஞ்சின் வாங்கும் அன்றே சேர்த்து வரவழையுங்கள்.

முடிந்தால் இரண்டாவது எஞ்சின் ஒன்று வாங்குங்கள், அதே மாதிரி வேண்டாம், வேறு நிறம். திங்கள் ஒன்று, செவ்வாய் மற்றது என்று முறைவைத்து ஓட்டினால் இரண்டும் இரட்டிப்பு நாள் உழைக்கும். ஒன்று பழுதுபார்க்கப் போனாலும் பலகை காலியாக இருக்காது. பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டி, எந்த எஞ்சின் எந்தத் தேதியில் துடைக்கப்பட்டது, எண்ணெய் எப்போது போட்டது, எந்த இடத்தில் புரண்டது என்று எழுதி வரச் சொல்லுங்கள். காலையில் துடைப்பவர் ஒருவர், மாலையில் ஓட்டுபவர் இன்னொருவர் என்று ஆள் மாறும் கடையில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் அடுத்தவர் வேலையைத் தொடங்க முடியும்.